போகப் பதினைந்து, வர நான்கு

டைம்கீப்பருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைவு, கடிகாரத்தின் மேல் நம்பிக்கை அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, "ஆறாம் நம்பர் வண்டி, எடுப்பா, எடு" என்று மைக்கில் கத்திக் கத்தி வண்டிகளைக் கிளப்பிவிட்ட மனுஷர் வேறு எப்படி இருப்பார்? கூண்டுக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். டிரைவர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டி, "சார், இன்னும் மூணு நிமிஷம் இருக்கு சார், ஒரு வாய் டீ குடிச்சிட்டு ஓடி வந்துடறேன்" என்று கெஞ்சுவார்கள். இவர் மசிய மாட்டார்.

"உன் கையில இருக்கிறது நகை. மேல தொங்குதே, அதுதான் மணி. வண்டிய எடு."

ஒரு தடவை அந்தக் கடிகாரத்தின் பேட்டரி சோர்ந்துபோய், ஒரு வாரம் முழுக்க எல்லா வண்டிகளும் தாமதமாகக் கிளம்பின. ஜனங்கள் கூண்டைச் சூழ்ந்துகொண்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். மனுஷர் அசைந்தால்தானே! பேட்டரி மாற்றும்வரைக்கும் மேலே காட்டுவதுதான் மணி என்று சாதித்துவிட்டார். ஒரு வண்டி எந்த ஸ்டாண்டில் நிற்கிறதோ, அந்த ஸ்டாண்டுக் கடிகாரம்தான் அந்த வண்டிக்குச் சட்டம். அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு மணி வைத்துக்கொண்டால் ஊரில் ஒரு பஸ் உருப்படியாக ஓடுமா?

சிக்கல் என்னவென்றால், மனுஷர் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவர். தெருவில் எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஓர் ஊசி, ராத்திரி ஓர் ஊசி, நாள் தவறாமல். ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற அம்மாவுக்கு ஊசியைக் கண்டால் மட்டும் கைகால் உதறும். ஆகையால் ஊசி போடுகிற பொறுப்பு டைம்கீப்பரிடம் வந்தது. காலை ஆறு மணிக்கு ஒன்று, ராத்திரி ஏழு மணிக்கு ஒன்று. ஊசி போட்ட அரை மணிக்குள் தட்டு முன்னால் வந்தாக வேண்டும். "இன்னும் பசிக்கலைங்க" என்பார் டீச்சர். "மணி ஆச்சும்மா" என்பார் இவர். "இன்னிக்கு என்னமோ படபடன்னு வருதுங்க" என்றாலும் "மணி ஆச்சும்மா"தான். டாக்டரே ஒரு நாள், "இவரை மாதிரி வீட்டுக்காரர் எல்லாருக்கும் கிடைச்சா நான் கடையக் கட்டிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு டைம்கீப்பர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் கால் பாவவில்லை.

இப்படி இருக்கையில், கடல் தாண்டி எங்கேயோ ஒரு ஊரில் குடியிருந்த மகளிடமிருந்து போன் வந்தது. பிரசவம் நெருங்குகிறது, அம்மா கட்டாயம் வர வேண்டும், அப்பாவும்தான். மருமகன் டிக்கெட் போட்டு அனுப்பினார். டைம்கீப்பர் அதை டிராவல்ஸ் ஆபீசில் கொடுத்து அச்செடுத்துக்கொண்டார். வாங்கிய காகிதத்தை அங்கேயே நின்று படித்தார். படித்தவர் முகம் சுருங்கியது.

டிராவல்ஸ்காரர் கழுத்து வலிக்குப் பட்டை போட்டிருந்தார், நிமிரவும் முடியாது, திரும்பவும் முடியாது. அப்படிப்பட்டவரிடம் போய் நின்றார் இவர்.

"தூரம் எவ்வளவுங்க?"

"ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும் சார்."

"போறப்ப காலைல எட்டுக்கு எடுக்கறான், ராத்திரி பதினொண்ணுக்குப் போய்ச் சேர்றான். பதினஞ்சு மணி நேரம். சரியா?"

"சார், அது வந்து..."

"இருங்க. வர்றப்ப காலைல ஒம்பதுக்கு எடுக்கறான், மத்தியானம் ஒண்ணுக்கு வந்துடறான். நாலே மணி நேரம். ஏங்க, போறதுக்கு சாதா வண்டியும் வர்றதுக்கு எக்ஸ்பிரஸுமா போட்டு வெச்சிருக்கீங்க? கர்ப்பமா இருக்கிற பொண்ணப் பாக்கப் போறோம். அவசரம் போறதுக்குத்தானே? மாத்திப் போடுங்க."

டிராவல்ஸ்காரர் கழுத்து வலியையும் மறந்து நிமிர்ந்துவிட்டார். "ரெண்டும் ஒரே விமானம்தான் சார். போக ஒம்பது மணி நேரம், வரப் பத்து மணி நேரம்."

"பதினஞ்சு எப்படிங்க ஒம்பதாச்சு? நாலு எப்படிப் பத்தாச்சு?"

"அந்த ஊர் நமக்கு ஆறு மணி நேரம் முன்னாடி சார்."

அது டைம்கீப்பருக்குத் தெரியாத விஷயமா? மகள் போன் பண்ணும்போது இங்கே மத்தியானச் சாப்பாடு நடக்கும், அங்கே விளக்கு ஏற்றியிருப்பார்கள். ஆனால் அது அவள் ஊர் மணி, அங்கே கிடக்கட்டும். இங்கிருந்து கிளம்புகிற வண்டிக்கு அது எப்போது ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"அந்த ஆறு மணி நேரம் எந்த இடத்துல மாறுது? நடுவுல எங்கயாவது நிறுத்துவாங்களா?"

"நேரா போயிடும் சார். எங்கயும் நிறுத்த மாட்டாங்க."

"அப்ப எங்கதாங்க மாறுது? ஒரு இடம் இருக்கணுமில்ல?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. டிராவல்ஸ்காரர் பெருமூச்சு விட்டார். "சார், குழப்பமே வேண்டாம். விமானத்துல ஏறி உக்காந்ததும் கடிகாரத்த அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வெச்சிடுங்க. எல்லாரும் அதான் பண்ணுவாங்க. அப்புறம் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

அதே வாரம் டாக்டரையும் போய்ப் பார்த்தார்கள். "அங்க போய் இறங்கினதும் அந்த ஊர் நேரப்படி ஊசி போட்டுக்கலாம். பயணத்துல மட்டும் மிஷின்ல அப்பப்ப சர்க்கரையப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். டைம்கீப்பர் பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், மிஷின் உடையாமல் இருக்க வேண்டுமே என்று துண்டில் சுற்றி, பெரிய பெட்டியின் அடியில், பிறக்கப்போகும் குழந்தையின் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போகும், கைக்கு எட்டாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் பெட்டி காலடியில்தானே இருக்கும்.

டிராவல்ஸ்காரர் சொன்னதும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துத் தைத்தாரே இவர், அங்கேதான் வினை.

பயணத்தன்று காலை ஆறு மணிக்கு, விமான நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஊசி போட்டார். டீச்சர் ரொட்டியும் டீயும் சாப்பிட்டார். எட்டு மணிக்கு உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்கள். ஜன்னலோரம் டீச்சர், நடுவில் இவர். இவருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, விமானம் கிளம்புமுன்னே குறட்டையில் இறங்கிவிட்ட ஒருவர்.

டிராவல்ஸ்காரர் சொன்ன சொல் தவறாமல், டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, எட்டை இரண்டாக்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

"இனிமே இதான் மணி. ரெண்டு."

"இப்பத்தானே காலை டீ குடிச்சோம். அதுக்குள்ள எப்படி மத்தியானம் ரெண்டாகும்? நடுவுல இருந்த ஆறு மணி நேரம் எங்கங்க போச்சு?"

"வர்றப்பத் திருப்பிக் குடுத்துடுவாங்களாம்."

"யாரு?"

"பேசாம வாம்மா" என்றார்.

விமானம் மேலேறிச் சமனானதும், முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரை வெளிச்சமானது. அதில் ஒரு வரைபடம், ஒரு பொம்மை விமானம், எத்தனை உயரம், இன்னும் எத்தனை கிலோமீட்டர், அதற்குக் கீழே 'சேருமிட நேரம்'. டைம்கீப்பர் தன் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! வண்டிக்குள்ளேயே ஸ்டாண்டுக் கடிகாரம் வைத்திருக்கிறார்களே என்று மனசார வாழ்த்தினார். அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார். இன்னும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை வேகம், அப்படியென்றால் இத்தனை மணி நேரம்; ஆனால் போய்ச் சேருகிற மணியிலிருந்து ஏறிய மணியைக் கழித்தால் வேறு வருகிறது; எட்டைக் கழிப்பதா, இரண்டைக் கழிப்பதா? நாலு தரம் போட்டுப் பார்த்தார், நாலு விடை வந்தது. தலை கிறுகிறுத்துப்போய் விட்டுவிட்டார். எதிரே திரையில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது போதும்.

நாலு மணிக்கு மத்தியானச் சாப்பாடு வந்தது. நாலு என்று அவர் கடிகாரம் சொன்னது. டீச்சருக்குப் பத்து மணிக்குச் சாப்பிடுவது போல இருந்தது, பாதியை வைத்துவிட்டார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஏதோ படம் பார்த்தார், ஜன்னல் திரையை ஏற்றினார். வெளியே சிவந்துகொண்டிருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது இருட்டிவிட்டது.

"ஏங்க, பகலே இல்லாமப் போச்சே இன்னிக்கு. சாப்பிட்ட தட்டு இப்பத்தான் எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு. அதுக்குள்ள ராத்திரியா?"

டைம்கீப்பர் இருட்டையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சரியாக ஏழு மணிக்குப் பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"இப்பவா?" என்றார் டீச்சர்.

"மணி ஏழு."

"எனக்கென்னமோ இது சரியாப் படலைங்க. காலைல போட்டதே இன்னும் கையில வலிக்குது. பசியும் இல்ல. கொஞ்சம் பொறுத்துப் போடலாமா?"

"எதிர்ல பாரும்மா, ஏழு ரெண்டு ஆயிடுச்சு."

இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குப் பழகியவர் டீச்சர். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி இறங்கியது.

அடுத்து அரை மணிக்குள் சாப்பாடு. இவர் தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வந்தாள்.

"ராத்திரிச் சாப்பாடு கொண்டாங்கம்மா."

"இறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சார் வரும். இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"ஏழு மணி ஆச்சேம்மா!"

அவள் சிரித்தாள். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊசியைப் பற்றி இவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டீச்சர் ஒரே ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் கண்ண மூடறேன்" என்று சாய்ந்துகொண்டார். டைம்கீப்பருக்கு அரை மணி தாண்டுகிறதே என்று உறுத்தல்தான். ஆனால் அம்மா நன்றாகத் தூங்குகிறாள், ராத்திரி நேரம், தூங்கட்டும், தட்டு வந்ததும் எழுப்பிக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துவிட்டார். பாவி மனுஷன், போர்வையை இழுத்துவிட்டவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

எட்டரை மணி இருக்கும். டீச்சரின் கை போர்வையிலிருந்து நழுவி இவர் மேல் விழுந்தது. கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தார். கழுத்து, காது ஓரம், ரவிக்கை எல்லாம் வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

"ஏம்மா... ஏம்மா, எந்திரி."

டீச்சர் கண்ணைத் திறந்தார். கண் இவர் மேல் நிற்கவில்லை.

"பெல் அடிச்சாச்சு" என்றார் குழறலாக. "புள்ளைங்க எல்லாம் வெளிய நிக்குது. உள்ள கூப்புடுங்க."

"எந்தப் புள்ளைங்கம்மா? நான்தான்மா. இங்க பாரு."

"நீங்க யாரு? புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

டைம்கீப்பர் பொத்தானை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார், அப்புறம் எழுந்து நின்று, மைக்கில் கத்திப் பழகிய அந்தத் தொண்டையோடு, "யாராச்சும் வாங்களேன்! என் வீட்டம்மாவப் பாருங்களேன்!" என்று கத்தினார். விமானம் முழுக்கத் தலைகள் எழுந்தன. கறுப்புப் பட்டைக்காரர்கூடப் பட்டையைத் தூக்கிவிட்டுப் பார்த்து, அவசரமாக எழுந்து வழிவிட்டார்.

டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து குட்டையாக, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வந்தார்.

"நான் கால்நடை டாக்டர். ஆடு, மாடு, நாய் பாக்கறவ. மனுஷங்களப் பாக்கற டாக்டர் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கறேன்" என்றார். வேறு யாரும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார், டீச்சரின் கையைப் பிடித்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"சர்க்கரை உண்டா?"

"உண்டு. ஊசி போடறோம்."

"மிஷின் இருக்கா?"

"இருக்கு. பெரிய பெட்டியில. கீழ."

கால்நடை டாக்டர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். பணிப்பெண் கொண்டுவந்த மருந்துப் பெட்டியிலும் சர்க்கரை பார்க்கிற கருவி இல்லை. "கடைசியா எப்ப ஊசி போட்டீங்க? அதுக்கு முந்தி எப்ப?"

இதைத்தானே இத்தனை வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறார்? "காலைல ஆறு. ராத்திரி ஏழு. நிமிஷம் தவறல."

"நடுவுல பதிமூணு மணி நேரம். சாப்பாடு?"

"சாப்பிட்டா. மத்தியானம் நாலு மணிக்கு."

கால்நடை டாக்டர் யோசித்தார். பணிப்பெண்ணிடம் மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசினாலும் இவர் காதில் விழுந்தது. "ஊசிக் கணக்கெல்லாம் சரியா இருக்கு. நேரத்துக்குச் சாப்பிட்டும் இருக்காங்க. அப்படின்னா இது வெறும் சர்க்கரை இறங்கினதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல. தலையில ரத்தக்குழாய் அடைச்சிருந்தாலும் இப்படித்தான் பேத்துவாங்க. அதுக்கு ஆஸ்பத்திரிதான். இந்த நிலைமைல வாயில எதையாவது ஊத்திப் புரையேறிடுச்சுன்னா நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

"கேப்டன் கேக்கறாங்க" என்றாள் பணிப்பெண். "பக்கத்துல எங்கயாவது இறக்கணுமான்னு. இறக்கறதுன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமாம்."

டைம்கீப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசிக் கணக்கு சரியாக இருப்பதுதான் கெடுதலா? சரியாக இருந்தால் நல்லதுதானே? டீச்சரின் தலை ஜன்னல் பக்கம் சரிந்தது, பேச்சும் நின்றுவிட்டது. அந்த ஊர் விமான நிலையத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகள் நிற்பாள், 'அம்மா எங்கப்பா' என்பாள். அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? அந்த நினைப்பு வந்ததும் இவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி ஊசி போட்டு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்றார் கால்நடை டாக்டர், தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "இப்ப மணி ரெண்டரை."

"ரெண்டரை இல்ல, எட்டரை. உங்க கையில இருக்கிறது..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவர், அப்படியே நின்றார்.

"நான் ஊர் மணிய இன்னும் மாத்தல சார். நாம ஏறினது எட்டு மணிக்கு. இப்ப ரெண்டரை. இதுல எங்கிருந்து வந்துச்சு பதிமூணு மணி நேரம்?"

டைம்கீப்பர் திரையைப் பார்த்தார். எட்டரை. கால்நடை டாக்டரின் கையைப் பார்த்தார். இரண்டரை. எட்டில் ஏறி இரண்டாக்கி, நாலில் சாப்பிட்டு, ஏழில் ஊசி போட்டு... ஏழிலிருந்து எட்டை எப்படிக் கழிப்பது? ஆறைச் சேர்ப்பதா, எடுப்பதா? எத்தனையோ டிரைவர்களை வாயடைக்க வைத்த மனுஷர், திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எனக்கு மணி தெரியலம்மா" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் தெரிஞ்சதச் சொல்றேன், நீங்க கணக்குப் போட்டுக்குங்க. ஏறறதுக்கு முன்னாடி ஒரு ஊசி, ரொட்டி. ஏறினப்புறம் ஒரே ஒரு சாப்பாடு, அதையும் பாதி வெச்சுட்டா. அப்புறம் இன்னொரு ஊசி. அந்த ஊசிக்குச் சாப்பாடு இன்னும் வரல. ஒரு பிஸ்கட்தான்."

"அடக் கடவுளே!" என்றார் கால்நடை டாக்டர். "காலை ஊசியே இன்னும் உள்ள வேல செஞ்சிட்டிருக்கு, அது மேல ராத்திரி ஊசியும் ஏத்திட்டீங்களா? ஏம்மா, இறக்க வேணாம்னு சொல்லு. சர்க்கரை கொண்டா. தேன் இருந்தா தேன். ஓடு!"

காபிக்குப் போடுகிற சின்னச் சின்ன சர்க்கரைப் பொட்டலங்கள் கை நிறைய வந்தன. கால்நடை டாக்டர் டீச்சரை ஒருக்களித்துச் சாய்த்து, சர்க்கரையை விரலில் ஈரப்படுத்தித் தொட்டு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். "முரண்டு பிடிக்கிற மாட்டுக்கும் இப்படித்தான் பண்ணுவேன்" என்று யாருக்கோ சொன்னார். டைம்கீப்பர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று என்னைக் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

முதலில் டீச்சரின் நாக்கு அசைந்தது. அப்புறம் சப்புக்கொட்டினார். அப்புறம் "தித்திக்குது" என்றார்.

"விழுங்கறாங்க. பழ ஜூஸ் குடுங்க, மெதுவா" என்றார் கால்நடை டாக்டர். டம்ளரை டைம்கீப்பர்தான் பிடித்தார். பாதி அவர் சட்டையில் கொட்டியது. இரண்டாவது டம்ளருக்கு டீச்சர் தானே கையை நீட்டினார். முகத்துக்கு ரத்தம் திரும்பியது. பக்கத்து வரிசையில் யாரோ கை தட்டினார்கள். போன உயிர் திரும்பி வந்தது. டீச்சருக்கு மட்டுமல்ல, இவருக்கும்தான்.

"இறங்கற வரைக்கும் விடாமச் சாப்பிட வையுங்க. ரெண்டு ஊசியும் இன்னும் உள்ளதான் இருக்கு, மறுபடி இறக்கிவிடும். தூங்க விடாதீங்க. இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரி" என்றார் கால்நடை டாக்டர். அடிக்கடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். பணிப்பெண், இருந்த சாப்பாட்டில் ஒரு தட்டை முன்கூட்டியே சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

டீச்சர் மெதுவாகச் சாப்பிட்டார். "என்னங்க ஆச்சு எனக்கு? எல்லாரும் ஏன் என்னையே பாக்கறாங்க?"

டைம்கீப்பர் பூசி மெழுகியிருக்கலாம். மயக்கம் வந்தது, சரியாகிவிட்டது என்று முடித்திருக்கலாம். அவரால் முடியவில்லை. "நான்தான்மா. தப்பான நேரத்துல ரெண்டாவது ஊசியப் போட்டுட்டேன். கடிகாரம் ஏழுன்னு காட்டுச்சு. உள்ளுக்குள்ள உனக்கு மத்தியானம்தான் ஆயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

டீச்சர் மென்றுகொண்டே கேட்டார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"சரியாப் படலைன்னு சொன்னேனே."

"சொன்ன."

"பசிக்கலைன்னும் சொன்னேன்."

"சொன்ன."

"மணியப் பாத்தீங்க. ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்திருக்கலாமேங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பார். அத்தனை வருஷத்தில் அவர்கள் போடாத சண்டையா? டீச்சர் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மறுபடி ஸ்பூனை எடுத்துக்கொண்டார். டைம்கீப்பருக்கு அது நெஞ்சில் இறங்கி அங்கேயே நின்றது. அந்த ஊர் மணியும் சொந்த ஊர் மணியும் எங்கே மாறின என்று டிராவல்ஸ் ஆபீசிலிருந்து தேடிக்கொண்டிருந்தவர், இப்போது அதைத் தேடவில்லை. இந்த மாதிரி எத்தனை நாள் இவள் சொல்லியிருப்பாள், எத்தனை நாள் நான் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்திருப்பேன் என்றுதான் தேடினார்.

விமானம் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள், வெளியே எத்தனை குளிர் என்று சொன்னார்கள், அந்த ஊர் மணி சொன்னார்கள். முன்னும் பின்னும் எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பட்டைக்காரர் டைம்கீப்பரின் தோளைத் தொட்டார்.

"சார், மணி என்னன்னு சொன்னாங்க?"

"கவனிக்கலைங்க" என்றார் டைம்கீப்பர், திரும்பிப் பார்க்காமலே.

அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, காது ஓரம், உதடு. இடது புருவத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது எப்போது வந்தது, கல்யாணத்தின் போதே இருந்ததா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன. திருப்பிய கன்னத்தில் ஈரம் மினுங்கியது. டைம்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, மறுபடி வேர்க்குதா? இங்க திரும்பு, திரும்பு. வேர்க்குதே!"

"வேர்வை இல்லைங்க அது" என்றார் டீச்சர்.